கொட்சில்லாவும் கடிகாரமும்

சென்ற தவணையில் ஒருநாள் உராய்வுக் குணகம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், நிசான் ஜீ.ரீ.ஆர். என்ற கார் மூன்றரைச் செக்கனில் நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டுகிறதாம். நீங்கள் சொல்லும் உராய்வு அதற்கு இடங்கொடுக்குமா?" என்று கேட்டான். மணியடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. "விளம்பரக்காரர் சொல்லும் கணக்கையெல்லாம் நம்பாதே, இரு" என்று கூறி அவனை இருத்திவிட்டேன். வகுப்புச் சிரித்தது. மறுநாட் காலை கொப்பித் தாளொன்றில் முழுக் கணக்கையும் எழுதி என் மேசைமேல் வைத்திருந்தான். கணக்கில் ஒரு சிறு பிழை இருந்தது. முடிவில் பிழை இருக்கவில்லை.

ஆராயாமல் விடையிறுத்த ஆசிரியன் செய்ய வேண்டிய பிராயச்சித்தமாக இவ்வாரப் பகுதியை அவ்வண்டிக்கே ஒதுக்கியிருக்கிறேன். மோட்டார் வண்டிகளில் நாட்டமில்லாத வாசகர்கள் பொறுத்தருள்க. வண்டியைப் பற்றிய கதைதான், எனினும் ஒரு புகழ் எவ்வாறு பிறக்கிறது, அதனை எவ்வாறு சோதிப்பது என்பதும் இதனுள் அடங்கியிருக்கிறது.

இப்புகழின் வேரைத் தேடுவோர் 1964ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும். யப்பானில் சுசுக்கா என்னுமிடத்தில் நடந்த பந்தயத்துக்கென, பிரின்ஸ் என்ற கம்பனி தனது சிறிய ஸ்கைலைன் காரின் மூக்கை 200 மில்லிமீற்றர் நீட்டி, பெரிய காருக்குரிய ஆறு சிலிண்டர் எஞ்சினை அதனுள் புகுத்தியது. குடும்பத்தார் கடைவீதிக்குப் போய்வரும் வண்டிக்குப் பயில்வானின் நெஞ்சைப் பொருத்தியது போன்ற வேலை. எதிரே வந்ததோ ஜேர்மனியின் போர்ஷே 904. பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி அது. போர்ஷேயே வென்றது. ஆயினும் ஒரு சுற்றில் ஸ்கைலைன் ஒன்று அதனை முந்தி ஓடியது. அந்த ஒரு சுற்றை யப்பானியர் இன்றுவரை மறக்கவில்லை. 1966இல் பிரின்ஸ் கம்பனி தான் புதிதாகக் கட்டிய ஆர் 380 என்னும் பந்தய வண்டியால் போர்ஷே 906ஐ வென்றது. அதே ஆண்டில் அக்கம்பனி நிசானோடு இணைந்தது. ஜீ.ரீ.ஆர். என்ற மூன்றெழுத்துத் தாங்கிய ஸ்கைலைன் 1969இல் விற்பனைக்கு வந்தது. 1972இற்குள் அது ஐம்பது பந்தய வெற்றிகளைக் குவித்தது. 1973இல் வந்த அடுத்த வண்டியோ 197 மட்டுமே கட்டப்பட்டு நின்றுபோனது. பின்னர் பதினாறு ஆண்டுகள் அப்பெயர் உறங்கிற்று.

1989இல் அது விழித்தெழுந்த விதம்தான் இக்கதையில் மிக்க சுவையுள்ள பகுதி. ஆர் 32 எனக் குறிக்கப்படும் அவ்வண்டியில் 2.6 லீற்றர் எஞ்சினும் இரண்டு டேர்போக்களும் இருந்தன. சாதாரண ஓட்டத்தில் பின் சில்லுகளே அதனைத் தள்ளும். பின் சில்லுகள் வழுக்கத் தொடங்கினால் உணர்கருவிகள் அதனை அறிந்து கணினிக்குச் சொல்லும். கணினி எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்சுத் தட்டுகளை இறுக்கும். உடனே வலுவின் ஒரு பங்கு, வேண்டுமாயின் பாதிவரை, முன் சில்லுகளுக்குச் செல்லும். பின் சில்லுகளும் சற்றே திரும்பித் திருப்பத்துக்கு உதவும். அக்காலத்தில் இத்தனை நுட்பங்களை ஒரே வண்டியில் அடைத்தது பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகவே தோன்றியிருக்கும். அவுஸ்திரேலியப் பத்திரிகையொன்று அதற்குக் "கொட்சில்லா" என்று பெயர் சூட்டியது. யப்பானியத் திரைப்படத்தில் கடலிலிருந்து எழுந்து நகரங்களை மிதிக்கும் அந்த அசுரப் பிராணியின் பெயர் அது.

பெயருக்கேற்ப அது மிதித்தது. யப்பானின் ஏ பிரிவுப் பந்தயத் தொடரில் 1990 முதல் 1993 வரை ஓடிய 29 பந்தயங்களில் 29இலும் வென்றது. அவுஸ்திரேலியாவின் பாதேர்ஸ்ட் மலைப் பந்தயத்தை 1991இலும் 1992இலும் ஜிம் றிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் என்னும் சாரதிகள் இவ்வண்டியாலேயே வென்றனர். 1992இல் அதன் முதுகில் மேலதிகப் பாரம் ஏற்றப்பட்டது. டேர்போவின் அழுத்தத்துக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அவ்வாண்டுப் பந்தயம் பெருமழையால் இடையில் நிறுத்தப்பட, முந்திய சுற்றைக் கணக்கிலெடுத்து நிசானை வென்றதாக அறிவித்தார்கள். உள்ளூர் வண்டிகளின் அபிமானிகள் கூச்சலிட்டனர். றிச்சர்ட்ஸ் மேடையில் நின்றே, இப்பத்திரிகையில் எழுதவொண்ணாத சொல்லால் அவர்களை ஏசினார். அடுத்த ஆண்டிலிருந்து பந்தய விதிகளே மாற, அவ்வண்டிக்கு அங்கே இடமில்லாது போயிற்று. ஒருவனை வெல்ல முடியாதபோது அவன் காலிற் கல்லைக் கட்டுவார்கள். அதுவும் போதாவிட்டால் ஆட்டத்தையே மாற்றுவார்கள். ஆர் 32இன் திறமைக்கு இதனினும் சிறந்த நற்சான்று வேறில்லை. பகைவர் எழுதிக் கொடுத்த நற்சான்று அது.

இனி, என் மாணவன் கேட்ட வண்டிக்கு வருவோம். ஆர் 35 என்பது அதன் குறியீடு. 2007 ஒக்ரோபரில் தோக்கியோ மோட்டார்க் கண்காட்சியில் திரை நீக்கப்பட்டது. 3.8 லீற்றர் எஞ்சின், ஆறு சிலிண்டர், இரண்டு டேர்போ, 480 குதிரைவலு. எஞ்சின் முன்னே இருக்க, கியர்ப் பெட்டி பின்னே இருக்கிறது. ஆதலால் வலு ஒரு தண்டின் வழியாகப் பின்னே போய், பின் இன்னொரு தண்டின் வழியாக முன் சில்லுகளுக்குத் திரும்பி வருகிறது. ஒவ்வோர் எஞ்சினையும் யொக்கொகாமாத் தொழிற்சாலையில் தேர்ந்த கம்மியர் ஒருவர் தனியே தம் கைகளாற் பூட்டி முடிப்பார். அதே வண்டியின் காட்சித் திரையை வடிவமைத்தவர்களோ, கிரான் ரூறிஸ்மோ என்ற கணினி விளையாட்டை ஆக்கியவர்கள். நம் மாணவர்களுட் பலருக்கு இவ்வண்டி அறிமுகமானதும் அவ்விளையாட்டின் மூலமே என்பதைப் பின்னர் விசாரித்து அறிந்துகொண்டேன்.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு நூறு கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 27.8 மீற்றர். அதனை 3.5 செக்கனில் எட்டினால் சராசரி ஆர்முடுகல் ஏறக்குறைய 7.9, அதாவது புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஐந்தில் நான்கு பங்கு. வண்டியின் திணிவு 1740 கிலோகிராம்; சாரதியையும் சேர்த்து 1800 எனக் கொள்வோம். அவ்வேகத்தில் அதன் இயக்கப்பண்புச் சக்தி ஏழு இலட்சம் யூல் அளவாகும். அதனை 3.5ஆல் வகுத்தால் 200 கிலோவாற்று. எஞ்சினின் உச்ச வலுவோ 353 கிலோவாற்று. எனவே வலுவுக்குப் பஞ்சமில்லை.

உராய்வுக்கு இடமுண்டா என்பதே மாணவன் கேட்டது. பின் சில்லுகள் மட்டும் தள்ளுவதாயின், முன்னோக்கிப் பாயும்போது பின்னே சாயும் பாரத்தையும் சேர்த்து, மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு அறுபது பங்களவே அவற்றின்மேல் இருக்கும். அப்போது வேண்டிய உராய்வுக் குணகம் 1.3க்கு மேற்படும். வீதியில் ஓடும் நல்ல டயருக்கு 1 என்பதே பெரிது. நான்கு சில்லுகளும் தள்ளினால் 0.8 போதும். ஆக, இந்த வேகம் விளம்பரக்காரரின் கற்பனையன்று. வலுவை நான்கு சில்லுகளுக்கும் அறிவோடு பங்கிடும் பொறியமைப்பின் நேரான பேறு அது. கணினியைக் கழற்றிவிட்டால் அந்த வலுவிற் பெரும்பங்கு டயர்ப் புகையாகவே போய்விடும்.

எனினும் இவ்வண்டியின் உலகப் புகழ் மூன்றரைச் செக்கனால் வந்ததன்று. ஜேர்மனியில் நூர்பேர்க்ரிங் என்ற மலைக்காட்டுச் சுற்றுவழி உண்டு. 1927இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் நேரம் கணிக்கப்பட்ட தூரம் 20.6 கிலோமீற்றர். அதில் 2007இல் நிசான் அறிவித்த நேரம் 7 நிமிடம் 38 செக்கன். பாதையில் ஆங்காங்கே ஈரம் இருந்ததாம். 2008 ஏப்ரிலில் தொஷியோ சுசுக்கி ஓட்டியபோது அது 7 நிமிடம் 29 செக்கனாயிற்று. ஏறக்குறைய இருமடங்கு விலையுள்ள போர்ஷே 911 டேர்போவைக் காட்டிலும் இது விரைவு.

போர்ஷே கம்பனி பொறுக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு ஜீ.ரீ.ஆர். வண்டியை விலைக்கு வாங்கித் தன் சொந்தச் சாரதியைக் கொண்டு அதே சுற்றில் ஓட்டிப் பார்த்தது. 7 நிமிடம் 54 செக்கன்! அன்று தன் 911 டேர்போ 7 நிமிடம் 38 செக்கனில் ஓடியது என்றும், நிசானின் நேரம் கடையில் விற்கும் வண்டியால் எட்டத்தக்கதன்று என்றும் அது கூறிற்று. வண்டி சாதாரணமானதே, டயரும் வண்டியோடு வரும் டயரே என்று நிசான் மறுத்துரைத்தது. அத்துடன் நில்லாது, போர்ஷேப் பொறியியலாளர் விரும்பினால் இவ்வண்டியை ஓட்டப் பயிற்சியளிக்கத் தயார் என்றும் சொன்னது. இக்குத்தலை வாசித்தபோது என்னையறியாமற் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு ஒருபுறமிருக்க, சராசரி வேகத்தைப் பாருங்கள். 7 நிமிடம் 29 செக்கன் என்பது மணிக்கு 165 கிலோமீற்றர். 7 நிமிடம் 54 செக்கன் என்பது 156. வித்தியாசம் ஒன்பது கிலோமீற்றர்தான். வேறு டயர், வேறு வெயில், பாதையைப் பல நாள் பழகிய சாரதி, பழகாத சாரதி என்று பல காரணங்கள் சேர்ந்தால் இத்தனை வேறுபாடு வரக்கூடியதே. எவரையும் பொய்யர் என்னத் தேவையில்லை. ஆனால் இரு தரப்பாரும் தாமே பரீட்சை எழுதித் தாமே புள்ளியிட்டவர்கள். எந்த வகுப்பில் அதனை ஏற்றுக்கொள்வோம்? ஆர் 32 பிறரோடு ஒரே நாளில், ஒரே மழையில், ஒரே நடுவரின் கொடியின் கீழ் ஓடிப் புகழீட்டியது. ஆர் 35இன் பெரும்புகழ் தனிமையிற் கடிகாரத்தோடு ஓடிப் பெற்றது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என் மனம் இசையவில்லை.

ஆர் 35உம் பந்தயங்களில் வென்றதன்றோ எனச் சிலர் கேட்கலாம். வென்றது, ஆயின் எந்த ஆர் 35? 2011இல் ஜீ.ரீ. 1 உலகச் சாம்பியன் பட்டத்தை மைக்கல் குறும், லூக்காஸ் லூர் என்னும் இருவருக்கும் ஈட்டிக் கொடுத்த வண்டியில் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் இருந்தது. பின் சில்லுகள் மட்டுமே தள்ளின. 2015இல் பாதேர்ஸ்ட் பன்னிரண்டு மணிநேரப் பந்தயத்தை வென்ற வண்டியில் எஞ்சின் அதே குடும்பத்தது. ஆனால் தள்ளியவை பின் சில்லுகளே. எந்த நுட்பத்துக்காக நாம் அவ்வண்டியை வியக்கிறோமோ, அந்த நுட்பம் அவ்வெற்றிகளில் இல்லை.

இவ்வண்டியின் தலைமைப் பொறியியலாளர் கசுத்தோஷி மிசுனோ கூறிய ஒரு நியாயத்தையும் குறிப்பிட வேண்டும். 911 டேர்போ 1585 கிலோகிராமாக இருக்க, தம் வண்டி 1740 கிலோகிராம் இருப்பது குறையன்று, அப்பாரமே டயரைத் தரையோடு அழுத்திப் பிடிமானம் தருகிறது என்பது அவர் வாதம். பெரிய பொறியியலாளர்; அவர் கட்டிய வண்டியே அவர் பெருமையைப் பேசும். ஆனால் இவ்வாதத்தை மாத்திரம் நான் வகுப்பில் ஒப்புக்கொள்ள மாட்டேன். அழுத்தம் கூடினால் உராய்வு விசை கூடும், உண்மை. அவ்விசை இழுக்க வேண்டிய திணிவும் அதே அளவில் கூடுகிறதே! போதாக்குறைக்கு, றப்பர் டயரில் பாரம் கூடக்கூட உராய்வுக் குணகம் சற்றுக் குறைகிறது. பாரம் இருந்தும் வண்டி விரைந்தது என்பதே சரி, பாரத்தால் விரைந்தது என்பது சரியன்று.

குறைகளும் இருந்தன. நின்ற நிலையிலிருந்து பாய்வதற்கென அமைந்த முறையைப் பயன்படுத்தியபோது அமெரிக்காவில் தொடக்க வண்டிகள் சிலவற்றின் கியர்ப் பெட்டிகள் உடைந்தன. வழுக்கற் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஓட்டி உடைத்தால் உத்தரவாதம் இல்லை என்று உரிமையாளருக்குச் சொல்லப்பட்டது. பின்னர் நிசான் பாய்ச்சலின்போதுள்ள எஞ்சின் சுழற்சியைக் குறைத்து நிகழ்நிரலை மாற்றியது. மூன்றரைச் செக்கனை விளம்பரஞ் செய்துவிட்டு, அதனைச் செய்தவனைக் குற்றவாளியாக்குவது எனக்கு நியாயமாகப்படவில்லை.

கணினியே ஓட்டுகிறது, மனிதனுக்கு அங்கே வேலையில்லை என்ற குற்றச்சாட்டு பெரிதும் சொல்லப்படுவது. யாராலும், எங்கும், எந்நேரமும் ஓட்டத்தக்க அதிவேக வண்டி என்பதே நிசான் கொண்ட நோக்கமாதலால், இதனைக் குற்றமாகச் சொல்வது, நீந்தத் தெரியாதவனையும் கரைசேர்க்கிறது என்று தோணியைக் குறைகூறுவது போலாகும். தவிர, 2013இல் பிரத்தியேக உறுப்புகள் பூட்டிய நிஸ்மோ வகை வண்டி அதே சுற்றை 7 நிமிடம் 8.679 செக்கனில் முடித்தபோது ஓட்டியவர் முன்னே சொன்ன மைக்கல் குறும். உலகச் சாம்பியனை ஏன் அழைத்தார்கள்? யாராலும் ஓட்டலாம் என்பது உண்மை. யாராலும் அந்த நேரத்தை எட்டலாம் என்பது உண்மையன்று.

பதினெட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 48,000 வண்டிகள் கட்டப்பட்டபின், 2025 ஓகஸ்ட் 26ஆம் நாள் தொச்சிகித் தொழிற்சாலையிலிருந்து கடைசி ஆர் 35 வெளிவந்தது. கருமை கலந்த ஊதா நிறம். யப்பானிலுள்ள வாடிக்கையாளர் ஒருவருக்கே அது போயிற்று.

மாணவனின் பிழை என்னவென்று சொல்ல மறந்துவிட்டேன். யப்பானியர் எண்ணும் குதிரைவலு 735.5 வாற்று; அவன் ஆங்கில முறைப்படி 746ஆற் பெருக்கியிருந்தான். அதனைச் சிவப்பு மையாற் திருத்தி, தாளை வகுப்பு முழுவதும் கேட்கும்படி பேசித் திருப்பிக் கொடுத்தேன். அவன் சொன்னதே சரி, நான் சொன்னது பிழை என்றேன். வகுப்பு இம்முறையும் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்காமல், "அப்படியானால் அந்த 7 நிமிடம் 29 செக்கன், சேர்?" என்று கேட்டான்.

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை என்றேன்.