உறங்கும் முன் ஒரு கணக்கு

கடையடைக்கும் முன் வணிகர் வரவு செலவு பார்ப்பதுபோல, உறங்கும் முன் அன்றைய சொல்லையும் செயலையும் எண்ணிப் பார்க்குமாறு நம் பெரியோர் கற்பித்தனர். இதன் பெயர் முஹாசபா. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இதற்கெனத் தனிப் பகுதியே அமைத்தார். யூதர் இதனை ஹீப்ருவில் 'ஹெஷ்போன் ஹநெஃபெஷ்' என்பர். லால்பேட்டையில் நாம் அறிந்த ஹிஸாப், நப்ஸ் என்னும் சொற்களின் உறவுச் சொற்களே அவை. 19ஆம் நூற்றாண்டில் லித்துவேனியாவின் இஸ்ரேல் ஸலாண்டர் என்னும் யூத அறிஞர் இத்தகைய ஒழுக்கப் பயிற்சியை ஓர் இயக்கமாகவே வளர்த்தார்.

இன்றைய உளவியலிலும் இதனை ஒத்த முறை உண்டு. 1960களில் ஆரோன் பெக் வகுத்த சிகிச்சையில், நிகழ்ந்தது என்ன, அப்போது எழுந்த எண்ணம் என்ன, அதற்குச் சான்று உண்டா என்று நோயாளர் ஆராய்கிறார். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. 'நான் செய்தது சரியா?' என்பது முஹாசபாவின் கேள்வி. 'என்னைப் பற்றி நான் எண்ணுவது உண்மையா?' என்பது சிகிச்சையின் கேள்வி.

இவ்வேறுபாட்டை நாம் உணர்ந்தாக வேண்டும். நலமான மனத்தை முதற்கேள்வி திருத்தும். மனச்சோர்வுற்றவருக்கோ தராசே பழுதுபட்டிருக்கிறது. எதை நிறுத்தாலும் அவருக்குக் குற்றமாகவே தெரியும். வளைகுடாவில் உழைக்கும் மகனைப் பிரிந்து, உறக்கமும் பசியும் இழந்த ஒரு தாயிடம், 'ஈமான் குறைந்துவிட்டது' என்று உறவினர் சொன்னால், அவர் தம்மையே மேலும் நொந்துகொள்வார். மருத்துவரை நாடவும் நாணுவார்.

934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி, காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாத துயரத்தையும் அன்றே பிரித்தறிந்தார். பின்னதன் வேர் உடலில் இருப்பதால் அதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்று எழுதினார். அதை ஈமானின் குறையாக அவர் கருதவில்லை.

எனவே, மருந்தையும் துஆவையும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம் என்பதே எம் கருத்து. சோர்வும் ஆர்வமின்மையும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் தயங்காது கூறுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவர் இவ்வாறு வாடினால், அவருடைய கணக்கைக் கேட்காமல், உடன் வந்து எம் வாயிலில் அமருங்கள்.