டப்பாவில் இருக்கும் சாம்பல் நிறம்

வாளையாறு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போர் விமானத்தின் சத்தம் புதிதல்ல. கேரள எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சூலூர் விமானப்படைத் தளம். இடுக்கியில் வண்டிப்பெரியாறுக்கு அருகே சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி.க்கென்றே ஓடுதளம் போட்டு, 2022 டிசம்பர் 1 அன்று முதல் சிறு விமானமும் இறங்கிவிட்டது. விமானப் பிரிவு மாணவர்களுக்கு மாதிரி விமானம் செய்வதும் பயிற்சியில் சேர்த்தி. ஆனால் மாதிரி என்று வந்துவிட்டால் நம் கண் முதலில் தேடுவது பளபளப்பை. எவ்வளவு மினுக்கமோ அவ்வளவு கைதட்டல். இதை நான் ஏற்கவில்லை. மாதிரியின் வண்ணம் அலங்காரமல்ல, அந்த விமானத்தைப் பற்றிச் செய்பவர் சொல்லும் சாட்சியம். சாட்சியம் என்றால் ஆதாரம் வேண்டும்.

சூலூரில் 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உயிர்பெற்ற 18-ஆம் படைப்பிரிவையே எடுத்துக்கொள்வோம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் போரிட்டு மடிந்து பரம்வீர் சக்கரம் பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியது இதே பிரிவின் நாட் விமானம். ஒரே பிரிவுதான், ஆனால் இரண்டு விமானங்களின் தோலும் வேறு. நாட் உலோகத் தகடும் ரிவெட்டுமாகக் கட்டிய விமானம். தேஜஸின் மேற்பரப்பில் சுமார் 90 சதவீதம் கார்பன் இழைக் கலவை. தகட்டு இணைப்புகளில் கறுப்பு மையை ஓடவிட்டுத் துணியால் துடைக்கும் பழக்கம் மாதிரி செய்பவர்களிடம் பரவலாக உண்டு. நாட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். தேஜஸுக்கும் அதையே செய்தால் விமானம் மொசைக் தரை போல் ஆகிவிடும். கணக்கும் அதைத்தான் சொல்கிறது: 1/72 அளவு மாதிரியில் 0.2 மில்லிமீட்டர் கோடு, நிஜத்தில் 14 மில்லிமீட்டர் அகலப் பிளவு. விரல் நுழையும் சந்தோடு எந்த ஜெட்டும் பறக்காது.

உண்மையான விமானத்தின் பெயின்டையே பூசிவிட்டால் தகராறு தீர்ந்ததே என்பார்கள். தீராது. 1/72 மாதிரியை ஓரடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை சுமார் 22 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரம் கூடினால் நிறம் வெளிறும், அதனால் பெயின்டில் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்பது பழைய விளக்கம். 22 மீட்டர் காற்று எந்த நிறத்தையும் வெளிறச் செய்யாது என்று மறுப்பவர்களும் உண்டு. அந்த மறுப்பு சரியே. ஆனாலும் வெள்ளை கலப்பவர் கை தவறிப்போகவில்லை, காரணம் வேறு. திறந்த வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் கிடைக்கும். வீட்டுக் கூடத்தில் சில நூறு கிடைத்தால் அதிகம். உள்ளங்கை நீளப் பொருள் மேல் அதே அடர்சாம்பல் இன்னும் இருண்டு தெரியும். பளபளப்பும் அப்படித்தான்: விளக்கின் ஒளி இறக்கை முழுவதையும் விழுங்கிவிடும். எழுத்தும் வட்டச் சின்னமும் ஒட்டும்வரை மட்டும் மினுக்கு வார்னிஷ் தேவை. சொரசொரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்துவிடும். ஒட்டி முடித்ததும் மங்கல் வார்னிஷ் அடித்துவிட வேண்டும்.

அப்படியானால் எல்லாம் அவரவர் ரசனைதானா என்று கேட்கலாம். இல்லை. வடிவத்தில் விட்டுக்கொடுப்பே கூடாது. ஏர்ஃபிக்ஸ் 1/72 அளவில் நெடுங்காலம் விற்ற நாட் பெட்டியில் இருப்பது இருவர் அமரும் பயிற்சி விமானம். அதன் இறக்கை வீச்சு 7.3 மீட்டர், செகோனின் போர் விமானத்துக்கு 6.75. மாதிரியில் வித்தியாசம் வெறும் 8 மில்லிமீட்டர்தான். ஆனால் முன்னதை எடுத்து ஒரு இருக்கையை மட்டும் மூடிவிட்டு இதுதான் ஸ்ரீநகர் நாட் என்றால் அது பொய். உப்புத்தாளும் பட்டியும் பொறுமையும் உழைக்க வேண்டிய இடம் அது. நிறத்திலும் எல்லை உண்டு: எந்த ஆண்டு, எந்தத் தளம், எந்த விமானம் என்பதற்குப் புகைப்படம் இருக்க வேண்டும். புகைக்கறையும் தேய்மானமும் படத்தில் இருந்தால் மட்டுமே மாதிரியில் வரலாம். அழுக்காக இருந்தால் போர்க்களம் போலிருக்கும் என்று அள்ளிப் பூசுவது மினுக்குவதன் மறுபக்கம்தான். மாதிரிப் போட்டிகளில் நடுவர்கள் மாதிரியைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தப் படத்தைக் கேட்கட்டும், பிறகு இரண்டையும் வராந்தா வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.