எது உசத்தி?

பிள்ளைக்குச் சித்திரம் வருகிறது என்றால் முன்பெல்லாம் பெற்றோர் கவலைப்பட்டார்கள். இப்போது கணக்குப் போடுகிறார்கள். "எம்.எஃப்.ஏ.யா, எம்.டெஸ்.ஸா, எது ஸார் உசத்தி?" என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். தச்சனிடம் போய், உளி உசத்தியா, ரம்பம் உசத்தியா என்று கேட்பது போலிருக்கிறது இது.

எம்.எஃப்.ஏ. சித்திரக்காரனுக்கும் சிற்பிக்கும் உரியது. இன்னது வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. என்ன செய்வது என்பதை அவனேதான் கண்டுபிடித்தாக வேண்டும். எம்.டெஸ். அப்படியல்ல. நாற்காலியில் உட்காரப் போகிறவனின் முதுகும், பஸ்ஸில் ஏறப் போகிற கிழவியின் முழங்காலும்தான் அங்கே எஜமானர்கள். கலை வரலாற்றில் எம்.ஏ. படிப்பவனோ, பிறர் செய்ததைப் பார்க்கவும் எழுதவும் கற்கிறான். மூன்றும் மூன்று தொழில்கள். இதில் உசத்தி எங்கே வந்தது?

1958-ல் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் வியந்து வியந்து பேசிய பொருள், நம் சொம்பு! கையில் அமைகிறதா, இடுப்பில் தங்குகிறதா, ஊற்றினால் ஒழுங்காக விழுகிறதா என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் செய்த வடிவம் அது. 1961-ல் ஆமதாபாதில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறக்க அந்த அறிக்கையே வித்து. 2014-ல் சட்டம் வரும்வரை அந்தக் கழகம் கொடுத்து வந்தது பட்டங்கூட அல்ல, டிப்ளமாதான். அதை வைத்துக்கொண்டே அங்கே படித்தவர்கள் இந்தத் தொழிலை நாட்டில் ஊன்றினார்கள்.

"அதெல்லாம் சரி, ஓவியனுக்குச் சோறு யார் போடுவார்கள்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் எம்.டெஸ். அல்ல. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் சோழமண்டலத்தை அமைத்தாரே, அவரோடு சேர்ந்த ஓவியர்கள் பாடிக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்ற காசில்தான் அங்கே நிலம் வாங்கினார்கள். விற்கிற துணி எது, வரைகிற படம் எது என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. குழப்பம் நமக்குத்தான்.

பிழைப்புக்காக வடிவமைப்பில் தள்ளப்பட்ட ஓவியன், அடுத்தவர் தேவையைத் தொந்தரவாக நினைப்பான். அவன் செய்த நாற்காலியில் யாரும் உட்கார முடியாது. கௌரவத்துக்காக எம்.எஃப்.ஏ. சேர்ந்தவன், சொல்ல ஒன்றுமில்லாமல் வெள்ளைத் துணிமுன் இரண்டு வருஷம் நிற்பான். போன பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். போன இருபத்திரண்டு வயசு திரும்புமா?

பட்டத்தின் பெயரை விசாரிக்குமுன் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். தன் கனவை வரைந்திருக்கிறானா, பாட்டியின் மாத்திரை டப்பாவைச் சுலபமாகத் திறக்க வழி தேடியிருக்கிறானா? விடை அங்கே இருக்கிறது. என்னிடம் இல்லை.