வரையாடும் அதன் வழியும்

சங்கப் பாக்களில் வரும் வருடை யாது என மாணாக்கர் வினவுந்தோறும், மலைமுகட்டில் திரியும் வரையாடே என்று விடை கூறுவேன். ஈழத்து மலைகளில் அது இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. தமிழ்நாடு தன் மாநில விலங்காகக் கொண்டுள்ள அதனைக் காக்க, 2023 இல் அவ்வரசு தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அங்கு 2024 இல் 1,031 வரையாடுகளும் 2025 இல் 1,303 வரையாடுகளும் எண்ணப்பட்டன. இது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் எண்ணிக்கை ஒன்றே போதுமா?

காலையிலும் மாலையிலும் உயர்ந்த புல்வெளியில் மேய்ந்து, வெயிலேறியதும் செங்குத்துப் பாறையை அடைந்து இளைப்பாறுவது இதன் இயல்பு. புலியும் சிறுத்தையும் செந்நாயும் தொடரும்போதும் பாறையே அதற்கு அரண். அடர்காட்டினுள் பெரும்பாலும் புகாது. ஆதலின், புல்வெளியில் வாட்டில், யூக்கலிப்டசு முதலிய அயன்மரங்களையும் தேயிலையையும் நட்டபோது, மலைக்கும் மலைக்கும் இடையிருந்த வழி அடைபட்டது. இவ்வாறு பிரிந்த சிறு மந்தைகள் தம்முள்ளேயே கலந்து நாளடைவில் வலிவிழக்கும். அயன்மரங்களை அகற்றிப் புல்லையும் வழியையும் மீட்பதே மெய்யான காப்பு. இன்றேல் பிற்காலத்து ஆசிரியர், வருடை என்பது அகராதியில் உள்ளதொரு சொல் என்று மட்டுமே கூற நேரும்.