மாமாங்கத்துக்குப் போகும் வழியில் ஏறாவூர்

மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்குடாப் பக்கம் மேடை ஏறுகிற எவரும், தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள் என்று சொல்லாமல் இறங்குவதில்லை. தமிழர்களாகிய நாங்கள் அதற்குக் கைதட்டிப் பழகிவிட்டோம். பொய்யில்லை. தாய்வழிக் குடிமுறை, மகளுக்கு வீடு கொடுக்கிற வழக்கம், வயல், வாழைச்சேனைக் காகித ஆலை என்று எவ்வளவோ பொதுவாக இருந்தன. ஆனால் அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லியே 1990ஐப் பேசாமல் தப்பித்துக்கொண்டோம்.

அந்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடி மீரா ஜும்ஆ, ஹுஸைனிய்யா பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறுவர்களும் அதற்குள். ஓகஸ்ட் 12இல் ஏறாவூர். அங்கும் நூற்றுக்கு மேல். செய்தவர்கள் விடுதலைப் புலிகள். எங்களைக் கேட்டுச் செய்யவில்லைதான். ஆனால் எங்கள் பெயரைச் சொல்லித்தான் செய்தார்கள், நாங்கள் வாய் திறக்கவில்லை. பயம் என்றோம். பயம் இருந்தது, மறுக்கமாட்டேன். 2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் ஏன் பேசவில்லை? அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

எங்கள் வீடுகளிலும் சாவு விழுந்தது. சத்துருக்கொண்டானில் அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி இராணுவத்தினர் குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் துக்கத்தை முன்னால் பிடித்து மற்றத் துக்கத்தை மறைத்தோம். 2002 யூனில் வாழைச்சேனையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது கதவைச் சாத்தினோம். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் செத்தபோது, ஒருவன் செய்ததற்கு ஓட்டமாவடி முஸ்லிம் கடைக்காரர் எல்லாரையும் குற்றவாளியாக்கி, வழமையாகச் சாமான் வாங்கிய கடையைத் தாண்டிப் போனோம். கொரோனாக் காலத்தில் முஸ்லிம்களின் மையித்துகளை அடக்கம் செய்ய விடாமல் அரசு கட்டாயமாக எரித்தது. எரிப்பது எங்கள் வழமை, அதனால் அந்த வலி எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயலவுமில்லை.

கடவுளிடம் மட்டும் தவறாமல் போனோம். ஆடி அமாவாசைக்குக் கல்குடாவிலிருந்து வான் பிடித்து, மாமாங்கக் கோயில் தீர்த்தத்தில் முழுகி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழை பொறுக்கும்படி கும்பிட்டோம். அந்த வான் ஏறாவூரைத் தாண்டித்தான் மட்டக்களப்புக்குப் போகும். அமாவாசையும் அனேகமாக அந்த ஓகஸ்ட் நாட்களுக்கு முன்பின்னாகத்தான் வரும். மாமாங்கத்திலிருந்து காத்தான்குடிக்கு எட்டுப் பத்துக் கிலோமீற்றர்கூட இராது. பாவம் நடந்த இடத்தைக் கடந்துபோய், இன்னோரிடத்தில் மன்னிப்புக் கேட்டு, அதே வழியால் நித்திரையோடு திரும்பினோம். தேவாலயத்துக்குப் போகிறவர்களும் எங்களைவிடத் திறமில்லை. காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிற வசனம் அவர்களுக்கு மனப்பாடம்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிற முஸ்லிம்கள் அதற்கு முன் சொந்தக்காரர், அயலவர், கடன் கொடுத்தவர் என்று வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள். அடியானுக்குச் செய்த குற்றத்தை அந்த அடியான் பொறுத்தால்தான் மன்னிப்பு உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. இவ்வளவு காலம் பக்கத்து வளவில் இருந்தும் அதை நாங்கள் படிக்கவில்லை. கேட்பது சுகமில்லாத வேலை. சாமி திருப்பி ஒன்றும் கேட்காது, பக்கத்து வளவு முஸ்லிம் காக்கா கேட்பார். அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் எந்த முகத்தோடு பார்ப்பது?

முஸ்லிம் ஊர்காவற்படையால் எங்கள் ஊர்களில் நடந்தவையும் உண்டு. அந்தக் கணக்கை அவர்கள் மனம்விட்டுப் பேசும் நாள் வரட்டும். அதைக் காட்டி எங்கள் கணக்கைக் கழிக்கப் பார்த்தது போதும்.

காத்தான்குடியில் ஒவ்வொரு ஓகஸ்ட் 3ஆம் திகதியும் ஷுஹதாக்கள் (தியாகிகள்) தினம் நினைவுகூரப்படுகிறது. மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் குண்டு பட்ட அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன. கோயில் நிர்வாகசபைகளும் தேவாலயச் சபைகளும் இம்முறை அந்தப் பள்ளிவாசலுக்கு ஒரு கடிதம் எழுதட்டும்: அன்றைக்கு நாங்கள் வந்து பின்னால் நிற்கலாமா என்று. பேச்சும் பதாகையும் வேண்டாம். சம்மதித்தால் போவோம். இப்போது வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொண்டு அடுத்த ஆண்டு திரும்பக் கேட்போம்.