'விழுந்தான்' வேறு, 'விழுந்துகொண்டிருந்தான்' வேறு!

 

நெற்றியில் அடிபட்ட மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடமையிலிருக்கும் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. தாய்க்குச் சிங்களம் அரைகுறை. டொக்டர் ஆங்கிலத்தில் கேட்கிறார்: "வோட் வொஸ் ஹீ டூயிங் வென் ஹீ ஃபெல்?"

"ஹீ ஃபெல் டொக்டர், ஹீ ஃபெல்" என்று தாய் அழுகிறாள்.

பிள்ளை விழுந்தது என்பது டொக்டருக்குத் தெரிந்ததுதான். அவர் கேட்டது வேறு. விழும்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது? ஓடிக்கொண்டிருந்த பிள்ளை இடறி விழுந்ததா? மேசைமீது ஏறி நின்றுகொண்டிருந்த பிள்ளை தலைகுப்புற விழுந்ததா? அல்லது சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளை வலிப்பு வந்து சாய்ந்ததா? மூன்றுக்கும் டொக்டர் பார்க்கும் பார்வை வேறு, செய்யும் பரிசோதனை வேறு.

இந்த ஒரு கேள்வியை விளங்கிப் பதில் சொல்லத் தேவையான இலக்கணத்தையே இம்மாதம் படிக்கப் போகிறோம். ஆங்கிலத்தில் இதற்குப் 'பாஸ்ட் கன்டினியுவஸ் டென்ஸ்' என்று பெயர். நாம் 'இறந்தகாலத் தொடர்வினை' என்போம். பெயரைக் கண்டு பயந்துவிடாதீர்கள். இது உங்கள் வாயில் ஏற்கனவே இருக்கின்ற இலக்கணம்தான்.

நமக்குத் தெரிந்த இலக்கணமே

'சோறாக்கினேன்' என்கிறோம். 'சோறாக்கிக்கொண்டிருந்தேன்' என்றும் சொல்கிறோம். முதலாவதில் வேலை முடிந்துவிட்டது, சோறு தயார். இரண்டாவதில் அடுப்பு எரிகிறது, பானை கொதிக்கிறது, நீங்கள் அதன் பக்கத்தில் நிற்கிறீர்கள். இந்த வித்தியாசத்தை யாரும் உங்களுக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. உம்மாவின் மடியிலேயே படித்துவிட்டீர்கள்.

சிங்களம் பேசும் அயலவர் 'உய உயா ஹிட்டியா' என்பார். 'சமைத்துக்கொண்டிருந்தேன்' என்பதுதான் அது. அரபு மொழியில் 'யக்துபு' என்றால் 'எழுதுகிறார்'. அதற்கு முன்னால் 'கான' என்ற சொல்லைச் சேர்த்துக் 'கான யக்துபு' என்றால் 'எழுதிக்கொண்டிருந்தார்'. நஹ்வு படித்தவர்கள் இச்சொல்லையும் இதன் கூட்டத்தையும் 'கானவும் அதன் சகோதரிகளும்' என்றே சொல்வார்கள். இலக்கணத்திலும் சகோதரிகள் இருக்கிறார்கள் பாருங்கள்!

நான்கு மொழிகளிலும் முறை ஒன்றுதான். வேலையைச் சொல்லும் ஒரு சொல். அதன் பக்கத்தில் 'இருந்தது' என்று காலத்தைச் சொல்லும் இன்னொரு சொல். தமிழிலும் சிங்களத்திலும் அந்தச் சொல் பின்னால் வருகிறது. அரபிலும் ஆங்கிலத்திலும் முன்னால் வருகிறது. அரபியில் 'கான' செய்கின்ற வேலையை ஆங்கிலத்தில் 'வொஸ்', 'வேர்' என்ற இரண்டு சொற்கள் செய்கின்றன.

அமைக்கும் முறை

ஐ, ஹீ, ஷீ, இட் ஆகியவற்றுக்கும் தனி ஒருவரின் பெயருக்கும் 'வொஸ்' வரும். யூ, வீ, தே ஆகியவற்றுக்கும் பலரைக் குறிக்கும் சொற்களுக்கும் 'வேர்' வரும். 'யூ' ஒருவரைக் குறித்தாலும் 'வேர்' தான் என்பதை நினைவில் வையுங்கள். அதன்பின் வினைச்சொல்லுடன் 'இங்' சேரும். அவ்வளவுதான்.

ஐ வொஸ் குக்கிங் – நான் சமைத்துக்கொண்டிருந்தேன்.
த பேபி வொஸ் ஸ்லீப்பிங் – குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
வீ வேர் வெயிட்டிங் – நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம்.
தே வேர் நொட் லிசனிங் – அவர்கள் கவனித்துக்கொண்டிருக்கவில்லை.
வேர் யூ ஸ்லீப்பிங்? – நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்களா?

கேள்வி கேட்கும்போது 'வொஸ்', 'வேர்' முன்னுக்குப் போவதையும், மறுக்கும்போது அவற்றின் பின்னால் 'நொட்' வருவதையும் கவனியுங்கள்.

நம்மில் பலர் 'ஐ குக்கிங்' என்று சொல்லி 'வொஸ்' என்பதை விழுங்கிவிடுவார்கள். காரணம், தமிழில் எல்லாம் ஒட்டி ஒரே சொல்லாக வந்துவிடுகிறது. 'கான யக்துபு' என்பதில் 'கான'வை எடுத்துவிட்டால் காலம் போய்விடும் அல்லவா? அதேபோல 'வொஸ்' போனால் எப்போது நடந்தது என்பதும் போய்விடும்.

எழுதும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். 'ரைட்' போன்ற சொற்களின் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் 'ஈ' என்ற எழுத்து, 'இங்' சேரும்போது விழுந்துவிடும். 'சிட்', 'ரன்', 'கட்' போன்ற சிறிய சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும். படுத்தலைக் குறிக்கும் 'லை' என்ற சொல்லின் கடைசியில் உள்ள 'ஐ', 'ஈ' என்ற இரண்டு எழுத்துகளும் போய் 'வை' என்ற ஓர் எழுத்து வரும்.

விரித்த பாயும் வந்த விருந்தாளியும்

இத்தொடர்வினை பெரும்பாலும் தனியாக வருவதில்லை. இன்னொரு நிகழ்ச்சியோடு சேர்ந்தே வரும். இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். நீண்டு நடக்கும் வேலை விரித்த பாய். சட்டென்று நடப்பது வந்து அமரும் விருந்தாளி. பாய்க்கு 'வொஸ் – இங்'. விருந்தாளிக்குச் சாதாரண இறந்தகாலம். பாயின் முன்னால் 'வைல்' வரும். விருந்தாளியின் முன்னால் 'வென்' வரும்.

வைல் ஐ வொஸ் குக்கிங், த லைட்ஸ் வென்ட் அவுட் – நான் சமைத்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போய்விட்டது.
ஹீ வொஸ் ரன்னிங் வென் ஹீ ஃபெல் – விழும்போது அவன் ஓடிக்கொண்டிருந்தான்.
ஹீ வொஸ் ஸ்டான்டிங் ஒன் த டேபிள் வென் ஹீ ஃபெல் – விழும்போது அவன் மேசைமீது நின்றுகொண்டிருந்தான்.

டொக்டரின் கேள்விக்கு இந்தக் கடைசி இரண்டில் ஒன்று போதும்.

ஒரே நேரத்தில் இரண்டு பாய்கள் விரிந்திருந்தால் இரண்டுக்கும் இதே வடிவம்தான். 'வைல் ஐ வொஸ் குக்கிங், மை டோட்டர் வொஸ் ரீடிங்' என்றால், நான் சமைத்துக்கொண்டிருக்கையில் என் மகள் வாசித்துக்கொண்டிருந்தாள் என்பது பொருள்.

ஒரு சொல் மாறினால்…

பின்வரும் இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்.

வென் த டீச்சர் கேம் இன், த சைல்ட் க்ரைட்.
வென் த டீச்சர் கேம் இன், த சைல்ட் வொஸ் க்ரையிங்.

முதல் வாக்கியத்தின்படி டீச்சர் வந்தார், பிறகு பிள்ளை அழுதது. கேட்பவர், 'டீச்சரைக் கண்டுதான் பிள்ளை அழுதிருக்கிறது, அவர் என்ன செய்தாரோ?' என்று நினைப்பார். இரண்டாவதன்படி டீச்சர் வரும்போதே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. காரணம் அதற்கு முன்பே நடந்திருக்கிறது. அழுகை ஒன்றுதான், ஆனால் ஒரு வாக்கியம் நிரபராதி ஒருவர்மீது சந்தேகத்தைப் போடுகிறது, மற்றது அவரைக் காப்பாற்றுகிறது. பொலிஸில் முறைப்பாடு எழுதும்போதும், காப்புறுதிப் படிவம் நிரப்பும்போதும், விபத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும்போதும் இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். உள்ளதை உள்ளபடி சொல்ல விரும்புகின்ற நமக்கு, அதைச் சொல்லும் வாக்கியமும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். 'த மேன் ட்ரௌன்ட்' என்றால் அம்மனிதர் நீரில் மூழ்கி மரணித்துவிட்டார். 'த மேன் வொஸ் ட்ரௌனிங்' என்றால் மூழ்கிக்கொண்டிருந்தார்; யாராவது கைகொடுத்துக் கரைசேர்த்திருக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் குடும்பத்தவருக்குச் செய்தி சொல்பவர் இதை மாற்றிச் சொன்னால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். தொடர்வினை, வேலை முடிந்தது என்று சொல்வதில்லை. நடந்துகொண்டிருந்தது என்று மட்டுமே சொல்கிறது.

நாம் தடுக்கி விழும் இரண்டு இடங்கள்

முதலாவது, வழக்கத்தைச் சொல்லும் இடம். 'சின்ன வயதில் தினமும் ஓதப் போய்க்கொண்டிருந்தேன்' என்று தமிழில் சொல்கிறோம். அரபு மொழியின் 'கான'வும் இப்படித்தான்; நடந்துகொண்டிருந்ததையும் குறிக்கும், வழக்கமாகச் செய்து வந்ததையும் குறிக்கும். நபி (ஸல்) அவர்களின் வழக்கங்களைக் கூறும் ஹதீஸ்கள் பலவற்றில் இந்தக் 'கான' வருகிறது. அவ்விடங்களில் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் 'யூஸ்ட் டு' என்றே எழுதுவார்கள். ஏனெனில் ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. முன்பு வழக்கமாகச் செய்து வந்ததற்கு 'யூஸ்ட் டு'. குறித்த ஒரு நேரத்தில் நடந்துகொண்டிருந்ததற்கு 'வொஸ் – இங்'.

'ஐ யூஸ்ட் டு டேக் திஸ் டேப்லட்' என்றால் இந்த மாத்திரையை முன்பு எடுத்து வந்தேன், இப்போது எடுப்பதில்லை. 'ஐ வொஸ் டேக்கிங் திஸ் டேப்லட் வென் த ரேஷ் கேம்' என்றால் உடம்பில் தடிப்பு வந்தபோது இந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதைக் கேட்டால் அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று டொக்டர் யோசிப்பார். முதலாவதைக் கேட்டால் அப்படி யோசிக்க அவருக்குக் காரணமில்லை.

இரண்டாவது, 'இங்' ஏற்காத சொற்கள். நோ, லைக், வோன்ட், நீட், பிலீவ் போன்றவை கையால் செய்யும் வேலைகளல்ல, மனதின் நிலைகள். 'ஐ வொஸ் நோயிங் ஹர்' என்பது பிழை. 'ஐ நியூ ஹர்' என்பதே சரி. தமிழிலும் 'எனக்கு அவளைத் தெரிந்துகொண்டிருந்தது' என்று நாம் சொல்வதில்லையே! 'ஹேவ்' என்ற சொல் உடைமையைக் குறித்தால் 'ஐ ஹேட் டூ ஹவுஸஸ்' என்று சாதாரணமாக வரும். சாப்பிடுவது போன்ற ஒரு செயலைக் குறித்தால் 'வீ வேர் ஹேவிங் லன்ச்' என்று சொல்லலாம்.

இந்த வயதில் எனக்கெதற்கு?

'பிள்ளைகள் படிக்கிறார்கள், அது போதும். அடுப்படியில் இருக்கும் எனக்கு இந்த இங்கிலீஷ் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஓர் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று கூறியது. இருந்தாலும் தமிழ் தெரியாத டொக்டர் முன்னாலும் அதிகாரி முன்னாலும் நாம் நிற்க வேண்டிய சந்தர்ப்பங்கள் இன்னும் வரத்தான் செய்கின்றன. அந்நேரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பக்கத்தில் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மயங்கிக் கிடப்பதே அந்தப் பிள்ளையாக இருந்தால்?

ஆங்கிலத்தைப் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று நமது சமூகம் ஒதுங்கி நின்ற காலமும் ஒன்று இருந்தது. அந்த எண்ணத்தை மாற்ற உழைத்தவர்களில் முதன்மையானவர் அறிஞர் சித்தி லெப்பை (1838–1898). 1892ஆம் ஆண்டு கொழும்பில் மதரஸாவாக ஆரம்பித்துப் பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்தின் பின்னால் அவருடைய உழைப்பும் இருக்கிறது. பெண்களின் கல்விக்காகவும் அவர் அக்காலத்திலேயே குரல் கொடுத்தார். அவர்கள் திறந்துவிட்ட கதவால் உள்ளே போக நாம் வெட்கப்படலாமா?

தினமும் ஐந்து வாக்கியம்

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. நாளொன்றுக்கு ஐந்து வேளை பாங்கு கேட்கிறது. பாங்குக்குப் பதில் சொல்லி, தொழுதும் முடித்த பின்னர், 'பாங்கு சொல்லும்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?' என்று உங்களையே கேளுங்கள். பதிலை ஆங்கிலத்தில், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வென் ஐ ஹேர்ட் த பாங்கு, ஐ வொஸ் சுவீப்பிங்.
வென் ஐ ஹேர்ட் த பாங்கு, ஐ வொஸ் வொஷிங் க்ளோத்ஸ்.
வென் ஐ ஹேர்ட் த பாங்கு, வீ வேர் டோக்கிங்.

ஒரு வாரத்தில் முப்பத்தைந்து வாக்கியங்கள் ஆகிவிடும். ஸுபஹுப் பாங்குக்கு 'ஐ வொஸ் ஸ்லீப்பிங்' என்ற வாக்கியமே தினமும் வந்தால், திருத்த வேண்டியது ஆங்கிலத்தை அல்ல என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள்!

பயிற்சி

கீழுள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

1. மழை பெய்துகொண்டிருந்தது.
2. நீங்கள் கூப்பிடும்போது நான் குளித்துக்கொண்டிருந்தேன்.
3. பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கவில்லை.
4. முன்பு நாங்கள் கண்டியில் வசித்து வந்தோம்.
5. எனக்கு உதவி தேவைப்பட்டது.

விடைகள்:

1. இட் வொஸ் ரெய்னிங்.
2. ஐ வொஸ் பேதிங் வென் யூ கோல்ட்.
3. த சில்ட்ரன் வேர் நொட் ப்ளேயிங்.
4. வீ யூஸ்ட் டு லிவ் இன் கேன்டி.
5. ஐ நீடட் ஹெல்ப்.

நான்காவதிலும் ஐந்தாவதிலும் 'இங்' ஏன் வரவில்லை என்பதை உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். பிறருக்கு விளங்க வைக்க முடிந்தால்தான் பாடம் நமக்குச் சொந்தமாகிறது. அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், இனி நடக்கப்போவதைச் சொல்லும் முறையைப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.