சுவரொட்டியை அல்ல, லேபிளைப் படியுங்கள்

ஆடிப் பட்டம் நெருங்கினால் கிராமத்துச் சுவர்களின் நிறம் மாறிவிடுகிறது. பேருந்து நிறுத்தத்தில் விதை கம்பெனியின் பதாகை, ஆட்டோவில் ஒலிபெருக்கி, வாட்ஸ்அப்பில் காய்த்துக் குலுங்கும் மிளகாய்ச் செடியின் படம். உரக்கடைக்குப் போனால் தொப்பி, பை, குலுக்கல் சீட்டு, 'ஐந்து பாட்டில் எடுத்தால் ஒன்று இலவசம்'.

எல்லாத் தொழில்களும் செய்வதைத்தான் இடுபொருள் நிறுவனங்களும் செய்கின்றன. நல்ல ரகங்கள் பல, விளம்பரத்தின் வழியாகவும்தான் நம்மை எட்டின. ஆனால், சோப்பு சரியில்லை என்றால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். விதை சரியில்லை என்றால் ஒரு பட்டமே கைவிட்டுப் போகும்.

நம் கண்ணில் படும் விளம்பரம் ஒரு பாதிதான். மறுபாதி கடைக்காரரை நோக்கிச் செல்கிறது. இவ்வளவு விற்றால் இவ்வளவு தள்ளுபடி, பரிசு, வெளியூர்ச் சுற்றுலா என்று நிறுவனங்கள் இலக்கு வைப்பது வழக்கம். நேர்மையான வியாபாரிகள் பலர் உண்டு. ஆனாலும், பூச்சி அரித்த இலையை நீங்கள் காட்டும்போது கைக்கு முதலில் வருவது பயிருக்கு ஏற்ற மருந்தா, இலக்கை எட்டவேண்டிய மருந்தா என்பது உங்களுக்குத் தெரியாது. கடன் கணக்கில் வாங்குபவருக்கு மறுத்துக் கேட்க வாயும் வராது. இலவச பாட்டிலின் செலவும் சுற்றுலாவின் செலவும் ஏதோ ஒரு பாட்டிலின் விலையில் ஏறியே தீரும்.

எனவே கடையில் முதலில் பார்க்கவேண்டியது லேபிளை. நிறுவனம் சொல்ல விரும்புவது சுவரொட்டியில் இருக்கிறது; சட்டம் சொல்ல வைப்பது லேபிளில் இருக்கிறது.

விதையை எடுத்துக்கொள்வோம். நீல அட்டை சான்று விதைக்கு உரியது. பச்சை அட்டை உண்மை நிலை விதைக்கு உரியது. அதன் தரத்துக்கு உற்பத்தி செய்தவரே பொறுப்பு. முளைப்புத்திறன், தூய்மை, பரிசோதனை செய்த நாள், எந்த நாள் வரை செல்லும் என்பவை விதை உறையிலும் அட்டையிலும் இருக்கும். 'ஏக்கருக்கு இத்தனை டன்' என்ற வாக்குறுதி சுவரொட்டியில்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

பூச்சிமருந்தில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். விளம்பரம் விற்பது பெயரை. பூச்சியைக் கொல்வது உள்ளே இருக்கும் வேதிப்பொருள். இமிடாகுளோபிரிட் 17.8 சதவீத மருந்தைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கின்றன. ஒரு பெயரில் வாங்கித் தெளித்து வெள்ளை ஈ அடங்கவில்லை என்று, அடுத்த வாரம் வேறு பெயரில் அதையே வாங்கித் தெளிப்பவர்கள் உண்டு. அசிட்டாமிபிரிட், தயாமீத்தாக்சம் இரண்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இதனால் பணம் வீணாவதுடன், பூச்சிக்கு எதிர்ப்புத்திறனும் வளர்கிறது. ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். 'இதற்குள் என்ன மருந்து, எத்தனை சதவீதம், போன முறை அடித்ததிலிருந்து இது வேறு குடும்பமா' என்று கேளுங்கள்.

அடுத்தது வயல் தினம். கம்பெனியின் செயல்விளக்கத் திடல் பெரும்பாலும் நல்ல மண், நல்ல தண்ணீர், அக்கறையான விவசாயி ஆகிய மூன்றும் சேர்ந்த இடமாகவே இருக்கும். அங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'இதே வயலில் இந்த மருந்து அடிக்காத பாத்தி எங்கே?' ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லை என்றால், பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். சொந்த வயலில் பத்து சென்டில் முதலில் போட்டுப் பாருங்கள். டானிக் வகைகளுக்கு இது இன்னும் பொருந்தும். உயிரி ஊக்கிகள் எனப்படும் இவை 2021-ல்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவரப்பட்டன. 'டானிக் எடுத்தால்தான் யூரியா' என்று யாராவது சொன்னால் அது கட்டாய விற்பனை. உடனே வேளாண் அலுவலரிடம் புகார் செய்யுங்கள்.

கடைசியாக, ரசீது. குலுக்கல் சீட்டைப் பத்திரப்படுத்தும் கை, ரசீதைக் கசக்கி எறிந்துவிடுகிறது. ரகத்தின் பெயர், குவியல் எண், விலை குறித்த ரசீது, அட்டை, காலிப் பை, ஒரு கைப்பிடி விதை ஆகியவை அறுவடை வரை உங்களிடம் இருக்கட்டும். முளைப்பு குறைந்தால் பயிரை அழிக்கும் முன்பே விதை ஆய்வாளரிடமும் வேளாண் அலுவலரிடமும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்துள்ளது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கையில் தாள் இல்லாதவருக்கு இந்தச் சட்டங்களால் பலன் குறைவு.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனி வேன் ஊருக்கு வரும் முன் நீங்கள் போய்ச் சேருங்கள். வட்டாரத்தில் அதிகம் விற்கும் மருந்துகளை வேதிப்பொருள் வாரியாகப் பிரித்து ஒரு பட்டியலாக எழுதி, கூட்டுறவுச் சங்கத்திலும் வேளாண் விரிவாக்க மையத்திலும் ஒட்டுங்கள்.

விளம்பரம் செய்வது அவர்கள் வேலை. விசாரித்து வாங்குவது நம் வேலை. இந்தப் பட்டத்தில் ஒரு பாட்டிலையாவது திருப்பி, பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.